பக்கத்து வீட்டு மதில் நம் மனைக்குள் வந்தால் என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறீர்கள். மார்த்தாண்டத்துக்கு அருகே ஏழரை சென்டில் உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அதை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். நான்கு மாதங்களுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் பழைய கையாலையை (மண்ணும் கல்லும் வைத்த எல்லைச் சுவரை) அதன் மேல் நின்ற அயனி மரத்தோடு அகற்றிவிட்டு, ஹாலோ பிளாக் கல்லால் மதில் எழுப்பிவிட்டார். அறுபதடி நீளத்துக்கு இரண்டடி உங்கள் பக்கம் ஏறி வந்திருப்பதாக வாடகைக்காரர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. போலீசில் புகார் கொடுத்தால் போதுமா, ஊரில் உள்ள மைத்துனரை வைத்து மதிலைத் தட்டிவிடலாமா, இடம் குறைந்ததால் வாடகையைக் குறைக்கச் சொல்லும் வாடகைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: தான் குடியிருக்காத நிலத்தை, ஊரில் இல்லாத ஒருவர் எப்படிக் காப்பாற்றுவது? அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. நில அளவைத் துறையில் அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் கழிந்தது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர்களோடு போய் அளந்திருக்கிறேன்; குழித்துறையிலும் பத்மநாபபுரத்திலும் சாட்சிக் கூண்டில் ஏறி, நான் வரைந்த வரைபடத்துக்காகக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஆகவே அளவு பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் பற்றி உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். உங்கள் பிரமாணங்களை (நிலப் பத்திரங்களை) நேரில் படித்துப் பார்க்கும் வழக்கறிஞர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மைத்துனர் யோசனையை இன்றே கைவிடுங்கள். மதில் முழுக்க உங்கள் நிலத்திலேயே நின்றாலும், நீங்களாகப் போய் இடித்தால் குற்ற வழக்கு உங்கள் மைத்துனர் மீதுதான் பதிவாகும். இப்போது கேள்வி கேட்க வேண்டிய நிலையில் இருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலைக்குப் போய்விடுவீர்கள். போலீஸ் புகாரைப் பொறுத்தவரை, கொடுத்து ரசீது வாங்கி வைப்பதில் தவறில்லை. இன்ன தேதியில் எதிர்ப்புத் தெரிவித்தோம் என்பதற்கு அது ஒரு பதிவு. ஆனால் எல்லை எங்கே என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது. கைகலப்பு வரும் அளவுக்கு நிலைமை முற்றினால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164ஆவது பிரிவில் கோட்டாட்சியர் அளவில் விசாரணை நடக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 145 என்று சொல்லிப் பழகிய அதே நடைமுறைதான் அது. அங்கும் யார் அனுபவத்தில், அதாவது யார் கைவசத்தில், நிலம் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்க்க மாட்டார்கள். பேரூராட்சியும் அப்படியே. அனுமதி இல்லாத கட்டுமானம் என்றால் நடவடிக்கை எடுக்கும். உங்கள் எல்லைத் தகராறில் தலையிடாது.

அவசரமான ஒன்று இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டத்தில் (Specific Relief Act) 6ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. சட்ட வழியில் அல்லாமல் ஒருவரை நிலத்தின் அனுபவத்திலிருந்து வெளியேற்றினால், அவர் 6 மாதங்களுக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். இந்த வழக்கில் உரிமை யாருடையது என்ற நீண்ட விசாரணை கிடையாது. முந்தைய அனுபவம் யாரிடம் இருந்தது, அது எப்படிப் பறிபோனது என்பதே பொருள். தீர்ப்பின் மேல் அப்பீலும் இல்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வெளியேற்றப்பட்டவர் மட்டும் அல்ல, அவர் யார் மூலமாக அனுபவத்தில் இருந்தாரோ அவரும் இந்த வழக்கைப் போட முடியும். அதாவது வாடகைக்காரர் இழந்த இடத்துக்கு வீட்டு உரிமையாளரான நீங்கள் நேரடியாக வழக்காடலாம். உங்களுக்கு நான்கு மாதங்கள் கழிந்துவிட்டன. கட்டிய சுவர் ஒன்று நிற்கும்போது இந்தப் பிரிவு உங்களுக்கு முழுப் பயன் தருமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் இந்த வாரமே கேட்டாக வேண்டும். 6 மாதம் கடந்தால் மற்ற வழிகள் எல்லாம் திறந்தே இருக்கும். இந்தக் குறுக்கு வழி மட்டும் அடைபட்டுவிடும்.

இனி அளவுக்கு வருகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இந்தத் தகராறுகள் பெரும்பாலும் கையாலையில்தான் தொடங்குகின்றன. மண்ணும் கல்லும் வைத்து எழுப்பிய பழைய கையாலைக்கு அடியில் இரண்டு மூன்று அடி அகலம் இருக்கும். அதை இடித்துவிட்டு அரையடி, முக்காலடி அகலத்தில் மதில் கட்டுகிறவர், புதுச் சுவரைக் கையாலையின் எந்த ஓரத்தில் வைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பக்க ஓரத்தில் வைத்தால் கையாலை நின்ற அகலம் முழுவதும் அவருக்குப் போய்விடும். நீங்கள் சொல்லும் இரண்டடி ஏறக்குறைய அந்த அளவாகவே இருப்பது எனக்குக் கண்ணில் பட்டது. எனவே முதல் கேள்வி கையாலை யாருடையது என்பது. உங்கள் பிரமாணத்திலோ அவருடைய பிரமாணத்திலோ நான்கெல்லையில் 'கையாலைக்குக் கிழக்கு', 'கையாலை உட்பட' என்பதுபோல ஒரு சொல் இருக்கக்கூடும். அதைத் தேடுங்கள். சரிவான விளைகளில் (தோட்ட நிலங்களில்) மேல்பக்கத்துக்காரர் தம் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கையாலை பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். ஆனால் இது வழக்கத்தில் காண்பது, விதி அல்ல. அனுப்பிய படத்தை வைத்து இதை நான் தீர்மானிக்க முடியாது.

சரிவு இன்னொரு வகையிலும் குழப்பும். நில அளவையில் எல்லா நீளமும் கிடைமட்ட நீளமே. விளவங்கோட்டு மேடு பள்ளத்தில் சாதாரண ஆட்கள் டேப்பைத் தரையோடு படுக்க வைத்து அளந்துவிட்டு, 'இருபது மீட்டர் சரியாக இருக்கிறது' என்பார்கள். இருபது மீட்டரில் மூன்று மீட்டர் இறக்கம் இருந்தால், உண்மையான கிடைமட்ட நீளம் சுமார் 19.77 மீட்டர்தான். வித்தியாசம் 23 சென்டிமீட்டர், அதாவது முக்காலடி. உங்கள் வாடகைக்காரரோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோ இப்படி அளந்து சொன்ன இரண்டடியை நீதிமன்றத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

லிங்க் கணக்கும் அப்படியே. பழைய பிரமாணங்களிலும் பழைய புலப்படங்களிலும் (நில அளவைத் துறை வரைந்த எல்லை வரைபடங்களிலும்) நீளம் லிங்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க். 40 லிங்க் என்பது 26.4 அடி. அதை நாற்பதடி என்று படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புலப்படத்தை அச்செடுத்து அதன் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவும் கூடாது. 1:1000 அளவில் வரைந்த படத்தில் இரண்டடி என்பது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கோட்டின் தடிப்பே அதை விழுங்கிவிடும். படத்தில் எழுதியிருக்கும் எண்களைத்தான் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் தெரியும் செயற்கைக்கோள் படத்துக்கும் இது பொருந்தும். கையாலையும் அதன் மேல் நின்ற மரமும் முன்பு அங்கே இருந்தன என்று காட்ட அது உதவும். இரண்டடியை அதில் அளக்க முடியாது.

முறையான வழி எல்லை காட்டக் கோரும் மனு. எஃப் லைன் மனு என்றே அலுவலகத்தில் சொல்வார்கள். புலப்படத்தில் புலத்தின் எல்லைக்கோட்டுக்கு எஃப் லைன் என்று பெயர். இணைய வழியாகவோ வட்ட அலுவலகத்திலோ கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து பிர்கா (வருவாய்க் குறுவட்ட) சர்வேயர் வந்து அளப்பார். அறிவிப்பு அந்த வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் நடந்த அளவை பின்னால் எளிதாகத் தள்ளிவிடுவார்கள். அளவர் உங்கள் மனையின் மூலையில் மட்டும் டேப்பைப் பிடித்தால் போதாது. நம்பத் தகுந்த பழைய சர்வே கற்கள் இரண்டு மூன்றைக் கண்டுபிடித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரம் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்த பிறகே உங்கள் மூலைக்கு வர வேண்டும். இதைப் பணிவாகக் கேட்டு நிற்க உங்கள் பக்கத்தில் ஒருவர் அன்று இருக்கட்டும். அளவு தவறு என்று தோன்றினால் மறு அளவைக்கு மேல்நிலை அளவரிடம் மனு கொடுக்கலாம்.

ஆனால் இவ்வளவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. உங்கள் மனைக்கும் அவர் மனைக்கும் நடுவே உள்ள கோடு புலப்படத்தில் இருக்கிறதா? நம் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் விளையைத் துண்டு துண்டாக விற்றிருப்பார்கள். பிரமாணம் தனித்தனியாக இருக்கும். உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவிலேயே தொடரும். அப்படியானால் அளவர் உட்பிரிவின் வெளிக் கோட்டைத்தான் காட்ட முடியும். உள்ளே உங்கள் ஏழரை சென்ட் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல அவரிடம் பதிவே இல்லை. 'பட்டா என் பெயரில் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். தனிப் பட்டாவா கூட்டா என்று எழுதவில்லை. இணையத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரே உட்பிரிவு எண்ணில் இருவர் பெயரும் இருந்தால், எஃப் லைன் மனுவில் பணத்தையும் மாதங்களையும் செலவிடாமல், பிரமாணங்களோடு நேராக நீதிமன்றத்தில் ஆணையர் அளவைக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

பட்டா பற்றி இன்னொரு சொல். பட்டா வருவாய்ப் பதிவு. உரிமைக்கு அது தனியே ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. உங்கள் பிடிமானம் விலைப் பிரமாணமும் அதன் மூலப் பிரமாணங்களும். வில்லங்கச் சான்று எடுத்துத் தொடர்ச்சியைச் சரிபாருங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியின் கீழ் இருந்ததால், மூலப் பிரமாணம் மலையாளத்தில் இருக்கவும் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கவும் வாய்ப்பு அதிகம். கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதி என்றால் 824. பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் வேறு வேறாக இருக்கும். ஒரே நிலம்தான் என்று காட்ட இரண்டு எண்களின் தொடர்பைக் காட்டும் பதிவேட்டின் நகல் வேண்டும். இதை விட்டுவிட்டுத் தாக்கல் செய்த வழக்குகள் நிலத்தின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்ற ஒரே காரணத்தில் தோற்பதுண்டு. பரப்பும் நான்கெல்லையும் ஒன்றோடொன்று முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லைக்கே மதிப்பு அதிகம். ஆகவே ஏழரை சென்ட் முழுதாக இருக்கிறதா என்ற கணக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் துண்டு 120 சதுர அடி, கால் சென்டுக்குச் சற்று அதிகம். பழைய பதிவுகளில் அவ்வளவு வித்தியாசம் ஆக்கிரமிப்பு இல்லாமலேயே வருவதும் உண்டு.

காலக்கெடு பற்றி ஊரில் தவறாகப் பேசுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டு கழிந்தால் தானாக நிலம் போய்விடும் என்பதும் சரியல்ல. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் நிலம் பத்திரம் என்பதும் சரியல்ல. உரிமையின் அடிப்படையில் அனுபவத்தை மீட்க, எதிரியின் அனுபவம் உங்கள் உரிமைக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் அவகாசம். அந்த அனுபவம் வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் உங்கள் உரிமையை மறுப்பதாகவும் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் அவர். ஆனால் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டால் நோட்டீஸால் அது நிற்காது. வழக்குத் தாக்கலே நிறுத்தும். மதிலை அகற்ற மட்டும் செயலுறுத்துக் கட்டளை (ஒன்றைச் செய்யச் சொல்லும் நீதிமன்ற ஆணை) கேட்டு வழக்குப் போட்டால் மூன்றாண்டுக் கெடு என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. அதனால் உரிமை விளம்புகை (நிலம் உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு), அனுபவ மீட்பு, மதில் அகற்றல் மூன்றையும் சேர்த்துக் கேட்பது பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள். உரிமையே தகராறில் இருக்கும்போது வெறும் தடையுத்தரவு வழக்கு போதாது என்று உச்ச நீதிமன்றம் அனதுலா சுதாகர் வழக்கில் 2008இல் விளக்கியிருக்கிறது. மனுவோடு சேர்த்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆவது கட்டளை 9ஆவது விதியில் வழக்கறிஞர் ஆணையரைக் கேளுங்கள். இடித்த கையாலையின் அடித்தடம், மிச்சக் கற்கள், எல்லையில் நின்ற அயனி மரத்தின் தூர் எல்லாம் மழையில் கரைவதற்குள் அவர் பார்த்துக் குறிக்க வேண்டும். அளவர் என்ற முறையில் சொல்கிறேன்: இடித்த ஆறு மாதத்துக்குள் அடித்தடம் தெரியும், இரண்டு பருவமழை கடந்தால் அங்கே எதுவும் தெரியாது.

வாடகைக்காரரிடம் வருகிறேன். அவர் உங்களுக்குப் பாரமாகத் தெரியலாம். இந்த விவகாரத்தில் உங்களுக்கு வாய்த்த பெரிய பலம் அவர்தான். வாடகைக்காரரின் அனுபவம் சட்டப்படி உங்கள் அனுபவம். கையாலை எப்படி இருந்தது, எந்த நாளில் இடித்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த சாட்சி அவர். உங்கள் மைத்துனர் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) பெற்று வழக்கை நடத்தலாம். ஆனால் தாம் பார்க்காததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல முடியாது. ஆக்கிரமிப்பு நடந்தால் உரிமையாளருக்குத் தெரிவிக்கும் கடமை வாடகைக்காரருக்கு உண்டு என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆவது பிரிவிலேயே சொல்கிறது. உங்கள் வாடகைக்காரர் அந்தக் கடமையைச் செய்துவிட்டார். அவரிடம் நடந்ததைத் தேதியோடு ஒரு கடிதமாக எழுதி வாங்குங்கள். படங்கள் அவர் கைப்பேசியில் அழியாமல் இருக்கட்டும். மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது அதற்கான சான்றிதழும் தேவைப்படும்.

அவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று: மதில் கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் அவரிடம் ஏதாவது சம்மதம் கேட்டாரா, ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வாங்கினாரா? உங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்க வாடகைக்காரருக்கு அதிகாரம் இல்லை. என்றாலும் 'வீட்டிலிருந்தவர் சரி என்றார்' என்பது நாளை எதிர்வாதமாக வரும். முன்பே தெரிந்திருப்பது நல்லது. இனி எல்லை பற்றி யாரிடமும் எதற்கும் சம்மதம் சொல்ல வேண்டாம், எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம் என்று எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் குறைப்பைப் பொறுத்தவரை, மூன்றாம் ஆள் செய்த ஆக்கிரமிப்புக்காக வாடகையைக் குறைத்தே தீர வேண்டுமா என்பது உங்கள் ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வழக்கு முடியும் வரை என்று குறிப்பிட்டு ஒரு சிறு தொகையைக் குறைத்து, 'ஒப்பந்தத்தில் கண்ட இடம் முழுவதும் என் உரிமையிலேயே இருக்கிறது' என்ற ஒரு வரியோடு எழுதிக் கையெழுத்து வாங்குவேன். கடுப்பாகிக் காலி செய்துவிட்டுப் போகும் வாடகைக்காரர் சாட்சி சொல்லத் திரும்பி வரமாட்டார். வீடு பூட்டிக் கிடந்தால் அடுத்த இரண்டடியும் போகும்.

அதிகாரப் பத்திரத்தை ஷார்ஜாவிலிருந்து அனுப்புவதானால் இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். அளவை, வழக்கு, சமரசம் ஆகியவற்றுக்கு மட்டும் போதும். சமரசத்துக்கு உங்கள் எழுத்து ஒப்புதல் தேவை என்றும் குறிப்பிடுங்கள்.

சமரசம் பற்றி: அளவு முடிந்து, கையாலை பொதுவானது என்றோ பிழை அரையடி மட்டுமே என்றோ தெரிந்தால், வழக்கை விடச் சமரசம் உங்களுக்கு நன்மை. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குத் தாக்கலுக்கு முன்பே அங்கே மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணில் பேசலாம். அங்கே மக்கள் நீதிமன்றத்தில் எட்டும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு துண்டை விட்டுக்கொடுப்பதானால் பதிவு செய்த விலைப் பிரமாணமும் அதைத் தொடர்ந்து உட்பிரிவும் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுவது நிலத்தை மாற்றாது, எல்லையையும் மாற்றாது. அடுத்த தலைமுறை அந்தத் தாளை வைத்துக்கொண்டே மறுபடி அளவர் அலுவலகத்துக்கு வரும்.

பட்டா தனியா கூட்டா, நான்கெல்லையில் கையாலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். புலப்படத்தில் உள்ள எண்களையும் சேர்த்து எழுதினால், எந்தக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை நான் சொல்லுகிறேன்.